பட்ஸ் காலத்திலும் வயர் ஹெட்செட்டை விடாதவங்க... காரணம் இருக்கு மக்களே!

"என்ன மாப்ள, இன்னும் வயரோட சுத்துற?"

பெரியார் பஸ் ஸ்டாண்டில் காதில் வயரோடு நிற்கும் யாருக்கும் இந்தக் கேள்வி புதுசில்லை. (இயர்போனோ ஹெட்போனோ, நம்மூர்ல எல்லாத்துக்கும் ஒரே பேர்தான்... ஹெட்செட்!) டவுன் ஹால் ரோடு பக்கம் போய்ப் பாருங்க. கலர் கலராக பட்ஸ் டப்பா அடுக்கியிருக்கும் கடையிலேயே வயர் ஹெட்செட்டும் கொத்தாகத் தொங்கும். வாங்க ஆள் இல்லாமலா தொங்கவிடுவாங்க? காசு இல்லாதவங்கதான் வயர் வாங்குறாங்கன்னு நினைச்சா, அது பாதிதான் உண்மை.

அந்த 3.5 எம்எம் பின்னோட தாத்தா, 19-ம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் செருகி எடுத்த பெரிய பின். டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் அது சின்னதாகி, 1979-ல் வந்த வாக்மேன் மூலம் உலகம் முழுக்கப் போச்சு. 2016 செப்டம்பரில் ஐபோன் 7-ல் அந்த ஓட்டையையே ஆப்பிள் எடுத்துவிட்டது. மேடையில் அதற்குச் சொன்ன காரணம், 'துணிச்சல்'. அதே மேடையில்தான் ஏர்பாட்ஸும் அறிமுகமானது. புரியுதுல்ல?

சரி, வயரில் அப்படி என்ன இருக்கு? முதல் விஷயம், நேரம். வயரில் சிக்னல் நேரா காதுக்குப் போகும். ப்ளூடூத்தில் போன் முதலில் சத்தத்தைச் சுருக்கணும், துண்டு துண்டா அனுப்பணும், பட்ஸ் அதை விரிச்சு ஒலிக்கணும். இதற்கே சாதாரணமா 100 முதல் 200 மில்லி செகண்டு, சிலதில் அதுக்கும் மேல ஆகும். வீடியோ பார்க்கும்போது இது தெரியாது. ஏன்னா, ஆப் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளிச்சிடும். கேமில் அந்த வேலை நடக்காது. பிஜிஎம்ஐ ஆடுறவங்களைக் கேளுங்க... எதிரியோட காலடிச் சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள ஆள் காலி! 'கேமிங் மோடு' தாமதத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமப் பண்ணாது.

கேமில் தோற்றால் இன்னொரு மேட்ச் ஆடிக்கலாம். ஆனா, பார்வை இல்லாதவங்க 'டாக்பேக்' வைத்துத்தான் போனைப் பயன்படுத்துறாங்க. விரல் தொடும் ஒவ்வொரு இடத்தையும் போன் வாசித்துச் சொல்லும். ஒவ்வொரு தொடுதலுக்கும் பதில் லேட்டா வந்தா, ஒரு மெசேஜ் டைப் பண்றதே பெரும்பாடு. இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி பிளைண்ட் 1985-ல் தொடங்கப்பட்ட ஊர் மதுரை. இங்கே இது ஏதோ நாலு பேருக்கான விஷயம் இல்லை.

அடுத்தது, ஆன்லைன் இன்டர்வியூவுக்கு உட்காரப் போறவங்க கவனிக்க வேண்டியது. ப்ளூடூத்தில் பாட்டு கேட்கும் வழி வேறு, மைக்கில் பேசும் வழி வேறு. மைக் ஆன் ஆன நிமிஷமே பெரும்பாலான பட்ஸ் 'கால் மோடு'க்கு மாறிடும். அதில் குரலின் தரம் பழைய டெலிபோன் அளவுக்கு இறங்கலாம். பட்ஸ் மைக் காதுக்கிட்ட இருக்கிறதால, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இருநூறு ரூபாய் வயர் ஹெட்செட்டின் மைக் தாடைக்குக் கீழேயே தொங்கும். ஹெச்ஆர் 'சாரி, கம் அகெய்ன்?' என்று நாலு தடவை கேட்காம இருந்தாலே பாதி டென்ஷன் குறையுமே!

சார்ஜ் கதை எல்லாருக்கும் தெரியும். பல பட்ஸ் ஒரு சார்ஜில் அஞ்சாறு மணி நேரம் பாடும். வைகை எக்ஸ்பிரஸ் மதுரையில் கிளம்பி எழும்பூர் போய்ச்சேர ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதைவிட, உள்ளே இருக்கும் அந்தத் துளியூண்டு பேட்டரி வருஷம் ஏற ஏறத் தேயும். ஒட்டியே வைத்திருப்பதால் பெரும்பாலும் மாற்றவும் முடியாது. வயர் மட்டும் என்ன சாமானா? பின் பக்கத்தில் மடங்கி மடங்கி, ஒரு நாள் ஒரு காது மட்டும் பாடும். பாக்கெட்டில் போட்டா சிக்கல் விழும். ஆனா, நூத்தம்பது ரூபாயோட போச்சு.

எஃப்எம் கேட்கிறவங்களுக்கு வயர் இல்லாம வேலைக்கே ஆகாது. போனில் ரேடியோ சிப் இருந்தாலும் ஆன்டெனா அந்த வயர்தான். 100 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் கம்பி இருந்தாலே நல்லாப் பிடிக்கும். ஹெட்செட் வயர் அதைவிடக் கொஞ்சம் நீளம். 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தபோது பல ஊர்களில் செல்போன் சிக்னலே கிடைக்கலை. டேட்டா இல்லாம, டவர் இல்லாம சேதி கொண்டுவர்றது ரேடியோதான். அதே வருஷம் ஏப்ரலில், போன்களில் எஃப்எம் வசதியை முடக்காதீங்கன்னு மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

சவுண்டு குவாலிட்டி? சிடி தரம் நொடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தின் சாதாரண எஸ்பிசி முறையில் சுமார் 320. கணக்குப்படி வயர்தான் கெத்து. ஆனா, மாட்டுத்தாவணி போகும் டவுன் பஸ்ஸில் ஹாரன் சத்தத்துக்கு நடுவுல அந்த வித்தியாசத்தை யார் கண்டுபிடிக்கப் போறா?

புது போனில் 3.5 எம்எம் ஓட்டை இல்லைன்னா டைப்-சி கனெக்டர் வாங்கலாம். அதில் ரெண்டு வகை. ஒன்று வெறும் வயர். அது சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும். இன்னொன்றில் 'டிஏசி' என்ற சிப் இருக்கும், அதுதான் அநேகமா எல்லா போனுக்கும் சேரும். கேட்டு வாங்குங்க. கடையிலேயே மாட்டி, பின்னை லேசாத் திருகி ரெண்டு காதும் பாடுதான்னு பாருங்க. ஃப்ரெண்டுக்கு ஒரு கால் போட்டு மைக்கையும் செக் பண்ணிடுங்க. படி இறங்கிட்டா, "இதுக்கெல்லாம் வாரன்ட்டி கிடையாது தம்பி"தான்!