கூடாரத்துக்குள் ஒரு தூளி!

காட்டில் கூடாரம் அடித்துப் படுப்பதில் ஒரே ஒரு சிக்கல்தான்... தரை!

பகலில் பஞ்சு மெத்தை மாதிரி தெரிகிற புல்வெளி, ராத்திரி பதினோரு மணிக்குத் தன் சுயரூபத்தைக் காட்டும். இடுப்புக்குக் கீழே கரெக்டாக ஒரு வேர். நகர்ந்து படுத்தால் விலாவில் ஒரு கல். மழை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 'மேடான இடம்' என்று நாம் நம்பிய இடத்தைத் தேடி ஊர்த் தண்ணீரெல்லாம் ஓடி வரும்!

"அதுக்குப் பேசாம மரத்துல தூளி கட்டிப் படுத்துக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். படுக்கலாம். ஆனால் கொசு, மழை, குளிர் மூன்றும் 'வாங்க சார்' என்று வரவேற்கும்.

சரி, இரண்டையும் சேர்த்து ஒன்றாகத் தைத்துவிட்டால்? கூடாரத்தின் கூரையும் வலையும், தூளியின் சுகமும், முதுகில் மாட்டிக்கொண்டு போகிற எடையும்... யோசனை பிரமாதம். கத்திரிக்கோலை எடுத்ததும்தான் தெரியும், ஒரு தொல்லையை அடைத்தால் இன்னொன்று எட்டிப் பார்க்கும்!

கொலம்பஸ் பார்த்த படுக்கை

1492-ல் பஹாமா தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்கிருந்தவர்கள் பருத்தி வலையில் தொங்கிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து எழுதிவைத்தார். அந்த டைனோ மக்கள் 'ஹமாக்கா' என்று சொன்னதுதான் இன்றைய 'ஹேமக்'. பிறகு கப்பல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ஒரு மாலுமிக்கு ஹேமக் தொங்கவிடக் கொடுத்த அகலம் எவ்வளவு தெரியுமா? 14 அங்குலம்! நம் மின்சார ரயிலில்கூட அதைவிடக் கொஞ்சம் தாராளமாக உட்காரலாம்.

கூடாரத்தையும் ஹேமக்கையும் ஒட்டுப்போட்ட பெரிய முயற்சி, இரண்டாம் உலகப் போரில் நடந்தது. பசிபிக் தீவுக் காடுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்காக 'ஜங்கிள் ஹேமக்' தயாரானது. கீழே துணிப் படுக்கை, மேலே மழைக்கூரை, சுற்றிலும் கொசுவலைச் சுவர், உள்ளே நுழைய ஜிப். ஈரத் தரையும் பூச்சியும் நிறைந்த காட்டுக்குப் பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் ஆபத்து என்றால் சட்டென்று வெளியே குதிக்க முடியாது. சிப்பாய்க்கு இதைவிடப் பெரிய குறை வேண்டுமா?

கொடிக் கயிறு சொல்லும் பாடம்

மொட்டைமாடியில் கொடிக் கயிற்றை விறைப்பாகக் கட்டி, நடுவில் ஒரு ஈரப் போர்வையைப் போட்டுப் பாருங்கள். ஒன்று கயிறு அறும். இல்லையென்றால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கயிறு கொஞ்சம் தொய்வாக இருந்தால் அதே போர்வையைச் சமர்த்தாகத் தாங்கும்.

ஹேமக்கிலும் அதே கணக்குதான். நீங்கள் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கயிறு 30 டிகிரி சரிவில் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் இழுக்கும் விசை 70 கிலோ. சரிவு 10 டிகிரியானால் சுமார் 200 கிலோ. இன்னும் விறைப்பாக 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் 400 கிலோ! ஆள் என்னவோ அதே 70 கிலோதான்.

'நல்லா இழுத்துக் கட்டினா மட்டமா படுக்கலாமே' என்று நினைப்பவர்கள் அதிகம். மாட்டிக்கொள்வது தையலும் மரமும்தான். அதனால் விவரம் தெரிந்த வடிவமைப்பாளர்கள், படுக்கையின் இரண்டு முனைகளையும் இணைத்து மேலே ஒரு கயிறு வைத்துத் தைக்கிறார்கள். படுக்கை நீளத்தில் அது சுமார் 83 சதவிகிதம். அதாவது பத்தடித் துணிக்கு நூறு அங்குலக் கயிறு. மரம் கிட்டே இருந்தாலும் சரி, தள்ளி இருந்தாலும் சரி, தொய்வு பெரும்பாலும் மாறாது. கொசுவலையைத் தொங்கவிட உத்தரமும் கிடைத்துவிட்டது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

தொய்வான துணியில் வாழைப்பழம் மாதிரி வளைந்து படுத்தால் காலையில் நிமிர முடியாதே? நேராகப் படுக்காதீர்கள், குறுக்காகப் படுங்கள்! தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம். உடம்பு கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். 1999-ல் டாம் ஹென்னஸி விற்பனைக்குக் கொண்டுவந்த ஹேமக் கூடாரம் இந்தக் குறுக்குப் படுக்கைக்காகவே கோணலாக வெட்டப்பட்டது. அதன் வாசல் இன்னும் வேடிக்கை. படுக்கைக்கு அடியில் ஒரு பிளவு. அதன் வழியே தலையை நுழைத்து, உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டால் நம் எடையே கதவைச் சாத்திவிடும். பக்கவாட்டு ஜிப்பும் வேண்டாம், கொசுவுக்கு இடைவெளியும் இல்லை.

முதுகுதான் முதலில் நடுங்கும்

புதிதாக ஹேமக்கில் படுப்பவர்களை ஏமாற்றுவது குளிர். மேலே கனமான ஸ்லீப்பிங் பேக் இருக்கும். முதுகு மட்டும் ஐஸ் கட்டியாகும். காரணம் சுலபம். நம்மைச் சூடாக வைத்திருப்பது பஞ்சு அல்ல. பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. படுத்ததும் நம் எடை பஞ்சை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. அடியில் வேறு காற்று ஜிலுஜிலுவென்று போய்க்கொண்டே இருக்கிறது. மலைப்பகுதியில் ஈர உடம்போடு இப்படி விடிய விடிய நடுங்குவது விளையாட்டல்ல. உடல் சூடு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, படுக்கைக்கு வெளியே அடிப்பக்கம் ஒரு ரஜாயைத் தொங்கவிடுவது. நசுங்காது, சூடு நிற்கும். இன்னொன்று, படுக்கையை இரட்டைத் துணியாகத் தைத்து நடுவில் ஃபோம் பாயைச் செருகுவது. இரண்டாவதில் உபரி லாபம்: முதுகுப்புறம் துணி வழியே குத்துகிற கொசுவின் பாச்சா பலிக்காது.

மழை வேறு வழியாக வரும். கூரை பக்காவாக இருக்கும். ஆனால் மரத்தில் வழிகிற தண்ணீர், கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் படுக்கைக்கே வந்துவிடும். வைத்தியத்துக்குச் செலவு பத்து பைசாகூட இல்லை. கூரைக்குள் வருகிற கயிற்றில் ஒரு முழ நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிக் கீழே சொட்டிவிடும்.

மரமே இல்லாத இடத்தில்?

இங்கேதான் 'டூ இன் ஒன்' பரீட்சை. தரையில் விரித்தாலும் கூடாரமாக நிற்க வேண்டுமென்றால் வளைவுக் கம்பிகளும் முனைகளில் குறுக்குச் சட்டமும் தேவை. அமெரிக்காவின் லாசன் நிறுவனத்து ஹேமக் இந்த வகை. சட்டம் வைத்தால் படுக்கை மட்டமாகும். ஆனால் நாம் உயரத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகி, புரண்டு படுத்தால் தொட்டில் கவிழப் பார்க்கும். சட்டத்தின் எடை வேறு.

லண்டன் ஆர்க்கிடெக்ட் அலெக்ஸ் ஷெர்லி-ஸ்மித் வேறு வழி பிடித்தார். 2012-ல் அவர் கொண்டுவந்த 'டென்ட்ஸைல்', மூன்று மரங்களுக்கு நடுவே முக்கோணமாக இழுத்துக் கட்டும் மரக்கூடாரம். மூன்று பேர் படுக்கலாம், கவிழாது. ஆனால் கொடிக் கயிறு கணக்கு ஞாபகமிருக்கிறதா? மட்டமான தரைக்காக இழுக்கிற இழுப்பில் மரங்களுக்கு வேலை அதிகம். தடித்த மரமாக மூன்று, அதுவும் சரியான தூரத்தில் கிடைக்க வேண்டும். மூட்டையும் கனம்.

ஆக, எல்லாருக்கும் பொருந்தும் சர்வரோக நிவாரணி கிடையாது. நடை அதிகமா? எடையைக் குறை. நண்பர்கள் கூட்டமா? மரக்கூடாரம். பொட்டல் வெளியா? பேசாமல் சாதாரணக் கூடாரம்.

வாங்கினாலும் சரி, டெய்லரிடம் தைத்தாலும் சரி, நாலு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

* பச்சை மரமாக, நல்ல தடிமனாக இருக்கட்டும். பட்ட மரமும், தலைக்கு மேலே காய்ந்த கிளையும் எமனின் ஏஜென்டுகள்.

* மரத்தைச் சுற்றக் கயிறு வேண்டாம். ஓர் அங்குலத்துக்குக் குறையாத பட்டை நாடா போடுங்கள். மெல்லிய கயிறு பட்டையை அறுத்து மரத்தைக் காயப்படுத்தும்.

* கயிறு நைலானாக இருந்தால் ஈரத்தில் நீளும். ராத்திரி மழையில் படுக்கை தரையைத் தொடும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது.

* உட்கார்ந்தால் நாற்காலி உயரம், அவ்வளவே. ஒன்றரை அடியிலிருந்து விழுந்தால் சிரிப்பார்கள். ஆறடியிலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள்.

முதல் ராத்திரி ஒத்திகையைக் காட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்திலோ தோப்பிலோ ஒரு தரம் கட்டிப் படுத்துப் பாருங்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவின் பழைய புடவைத் தூளியில் படுத்துத் தூங்கியவர்கள்தானே நாமெல்லாம்? என்ன ஒன்று... ஆட்டிவிடத்தான் ஆள் கிடைக்காது!