நிரல்களை இணைக்கும் ‘பைப்’

மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். “கணினியில் பைப்னா தண்ணி பைப்பா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி சரிதான். தோட்டக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவதுபோல நிரல்களையும் இணைக்க வேண்டும் என்று 1964-இல் பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் எழுதினார். 1973-இல் கென் தாம்சன் யூனிக்ஸில் அதைச் செயல்படுத்தினார்.

செங்கல்பட்டுப் பிள்ளைகளுக்கு ஏரியைச் சொன்னால் உடனே புரிகிறது. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அதுபோல ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகிறது. இடையே இடும் | என்ற செங்குத்துக் கோடுதான் பைப். ஏரியிலிருந்து உபரிநீர் மட்டுமே போகும். இங்கே வெளியீடு முழுவதும் போகும். இந்த வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும்.

அரசு மடிக்கணினியிலுள்ள பாஸ் லினக்ஸில் செய்து காட்டினேன். ஒரு மாதம் பள்ளிக்கு வராதவர்களின் வரிசை எண்களை, நாள்வாரியாக, வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் தட்டச்சு செய்தோம். ‘யூனிக் -சி’ என்ற கட்டளை ஒரே மாதிரி வரிகளை எண்ணும். அதன் வெளியீட்டை ‘சார்ட் -என்ஆர்’ கட்டளைக்கு அனுப்பினால் பெரிய எண்ணிக்கை முதலில் வரும். எல்லோருக்கும் 1 என்றே வந்தது. ‘பரவாயில்லை, யாரும் அதிகம் விடுப்பு எடுக்கவில்லை’ என்று நினைத்தேன்.

“டீச்சர், 17 மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருது?” என்றாள் அதே மாணவி.

தவறு என்னுடையது. அடுத்தடுத்து இருக்கும் வரிகளை மட்டுமே யூனிக் ஒன்றாக எண்ணும். முதலில் வரிசைப்படுத்தியிருக்க வேண்டும்:

சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர்

இப்போது முதல் வரியில் 17 வந்தது, ஒன்பது நாள். அன்று மாலை அந்த மாணவனின் வீட்டுக்குப் போனேன். அம்மா மீன் விற்கப் போகும் நாள்களில் தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் இருந்திருக்கிறான். பேசித் தங்கையை அங்கன்வாடியில் சேர்த்தோம்.

கணினி இல்லாமலும் இதைக் கற்பிக்கலாம். எண் எழுதிய சீட்டுகளை முதல் மாணவர் வரிசைப்படுத்தட்டும். இரண்டாமவர் அடுத்தடுத்து இருக்கும் ஒரே எண்களை மட்டும் சேர்த்து எண்ணட்டும். மூன்றாமவர் பெரியதை முதலில் வைக்கட்டும். பிறகு முதல் மாணவரை விலக்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். சீட்டுகளில் பிழை இருக்காது, ஆனால் விடை பிழையாக வரும். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தால் போதாது, படிகளின் வரிசையும் சரியாக இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள்.