முடிதானே, வளர்ந்துடும்… அதுவரை?

2019 செப்டம்பரில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டப் பெண் காவலர் அபர்ணா லவகுமார், இடுப்பைத் தாண்டித் தொங்கிய தன் கூந்தலை முழுவதுமாக மழித்துப் புற்றுநோயாளிகளுக்கு விக் செய்யக் கொடுத்தார். சீருடைப் பணியில் இருப்பவர் மொட்டை போட மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அதையும் முறைப்படி வாங்கிக்கொண்டுதான் செய்தார். காக்கிச் சட்டையும் மொட்டைத் தலையுமாக அவர் நின்ற படம் நாடெங்கும் பரவி, பாராட்டுகள் குவிந்தன. முடி வளர்ந்துவிடும், இதற்குப் போய் இவ்வளவு பாராட்டா, உறுப்பு தானம் செய்பவர்கள்தானே பெரியவர்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

கொடுத்தவர் அப்படிச் சொல்லும்போது அது பெருந்தன்மை. அதே சொல்லை நாம் இன்னோர் இடத்திலும் சொல்கிறோம். கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்க்கப் போனால், “முடிதானே, வளர்ந்துடும்” என்கிறோம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம், அது உண்மையும்கூட. ஆனால், வளரும்வரை அவர் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும். அந்த இடைக்காலத்தைக் கடக்க உதவுவதுதான் முடி தானம்.

ஏன் கொட்டுகிறது?

புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகுபவை. வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பதுதான் கீமோ மருந்துகள் பலவற்றின் வேலை. நம் உடம்பில் இயல்பாகவே அப்படிப் பெருகுபவற்றில் முடியின் வேரில் உள்ள செல்களும் உண்டு. ஒருவர் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கும். அவற்றில் 85 முதல் 90 சதவீதம் எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டிருப்பவை. அதனால் மருந்து ஏறியதும் கிட்டத்தட்டத் தலை முழுவதும் அடிபடுகிறது.

எல்லா கீமோ மருந்துக்கும் முடி கொட்டிவிடுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்சல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கொட்டிவிடும். முதல் ஊசி போட்ட 2 முதல் 4 வாரங்களில் தொடங்கும். தலையணை, சீப்பு, குளியலறைத் தரை என்று கொத்துக் கொத்தாக முடி கிடக்கும். சிலருக்குப் புருவமும் இமைமுடியும்கூடப் போய்விடும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் மெல்லிய முடி துளிர்க்கிறது. மாதத்துக்கு 1 செ.மீ.யோ சற்றுக் கூடுதலோ வளரும் என்பதால், காதை மறைக்கும் அளவுக்கு வர ஒரு வருடம் ஆகலாம்.

“திருப்பதி போயிட்டு வந்தீங்களா?”

மொட்டைத் தலையுடன் ஒரு பெண்ணைப் பார்த்தால் நம் ஊரில் முதலில் கேட்கும் கேள்வி இது. சிகிச்சையில் இருப்பவர் அதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகரலாம். ஆறு மாதம் கழித்தும் தலை அப்படியே இருந்தால் அந்தப் பதில் எடுபடாது. கல்யாண வீட்டிலும் பேருந்திலும் கேள்விகள் தொடரும். “என்னாச்சு? எந்த இடத்துல? எத்தனாவது ஸ்டேஜ்?” என்று நேற்று அறிமுகமானவர்கூடக் கேட்பார். அக்கறையாகக் கேட்கப்பட்டாலும், ஒவ்வொரு முறையும் தன் நோயின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

விக் என்பது அலங்காரப் பொருள், உயிருக்குப் போராடும்போது அழகு எதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், நோய் தனக்கு இருப்பதை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமையை நோயாளிக்கு அது திருப்பித் தருகிறது. அதனால்தான் அது முக்கியம். விக் வேண்டாம், துப்பட்டாவே போதும், மொட்டைத் தலையோடே வருவேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் உரிமை. காசில்லாததால் மட்டும் அந்தத் தேர்வு ஒருவருக்கு இல்லாமல் போகக் கூடாது. மனித முடியில் செய்த நல்ல விக் பல ஆயிரம் ரூபாய் ஆகும். மருந்துச் செலவுக்கே நகையை அடகு வைத்த குடும்பம் அதை நினைத்தும் பார்க்காது.

நம் சமூகத்தில் இந்த வலிக்கு இன்னொரு வேரும் உண்டு. கணவனை இழந்த பெண்ணை மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்த வழக்கம் சில சாதிகளில் 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. வழக்கம் ஒழிந்துவிட்டது. முடியில்லாத பெண்ணின் தலையை அமங்கலமாகப் பார்க்கும் கண் இன்னும் முழுதாக ஒழியவில்லை.

உயிர் முக்கியமா, அழகு முக்கியமா என்ற கேள்வி ஒரு காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அந்தக் காலத்தில் உயிர் பிழைப்பதே பெரிய கேள்வி. இன்று குணமாகும் புற்றுநோய்கள் பல. சிகிச்சையில் இருந்துகொண்டே படிக்கிறார்கள், அலுவலகம் போகிறார்கள். அந்த நாள்களையும் மரியாதையோடு வாழ வழி செய்வது இப்போது நம் கடமை.

கொடுத்துப் பழகிய ஊர்

முடி கொடுப்பது நமக்குப் புதிதல்ல. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குழந்தைக்கு முதல் மொட்டை, பழனியிலும் சமயபுரத்திலும் வேண்டுதல் மொட்டை, முழுதாக மழிக்காத பெண்கள் கொஞ்சமாகக் கத்தரித்துக் கொடுக்கும் பூமுடி என்று எத்தனையோ உண்டு. தமிழகத்தில் அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. திருமலையில் சேரும் முடி நீளவாரியாகப் பிரிக்கப்பட்டு ஏலம் போகிறது. அதில் தேவஸ்தானத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. உலகச் சந்தையில் விற்கும் விக்குகளில் நம் பக்தர்களின் முடி ஏராளம். அந்த விக் நம் பக்கத்துத் தெரு நோயாளியின் கைக்கு இலவசமாக வருவதில்லை.

அந்த இடைவெளியைத் தொண்டு அமைப்புகள் நிரப்பப் பார்க்கின்றன. அமெரிக்காவில் 1997இல் ‘லாக்ஸ் ஆஃப் லவ்’, பிரிட்டனில் 2006இல் ‘லிட்டில் பிரின்சஸ் டிரஸ்ட்’ என்று குழந்தைகளுக்காகவே தொடங்கிய அமைப்புகள் உண்டு. திருச்சூர் அமலா மருத்துவமனை ‘கேசதானம் ஸ்நேகதானம்’ என்ற பெயரில் முடி பெற்று நோயாளிகளுக்கு விக் கொடுக்கிறது. சென்னையில் செரியன் அறக்கட்டளை கல்லூரி மாணவிகளிடம் முடி திரட்டி விக் செய்து கொடுத்திருக்கிறது.

வெட்டும் முன்…

நல்ல மனதோடு கொடுத்த முடியும் தயாரிப்பில்லாமல் போனால் வீணாகிவிடும். முதலில் நீளம். பெரும்பாலான அமைப்புகள் 10 அல்லது 12 அங்குலம் கேட்கின்றன. விக் கட்டுபவர் ஒவ்வொரு முடியையும் மடித்து வலைத்துணியில் முடிச்சுப் போடுவதால், கொடுத்த நீளத்தில் ஒரு பகுதி முடிச்சிலேயே போய்விடும். லேயர் கட் செய்த முடி என்றால் குட்டையான அடுக்கை வைத்துத்தான் அளப்பார்கள். ப்ளீச் செய்த முடியைப் பலரும் ஏற்பதில்லை. நரையும் சாயமும் அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். முன்கூட்டியே பேசிக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் அலசி, முழுதாகக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டிய முடியில் பூஞ்சை பிடிக்கும். முடியை இரண்டு மூன்று பின்னலாகப் போட்டு, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் இறுக்கி, மேல் கட்டுக்குச் சற்று மேலே கத்தரிக்கச் சொல்லுங்கள். வெட்டித் தரையில் விழுந்ததைக் கூட்டி அனுப்பினால் பயன் இல்லை. முடியின் மேற்புறச் செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும்; திசை மாறிக் கலந்தால் விக் சிக்குப் பிடித்துவிடும். கோயிலிலோ பார்லரிலோ முழு மொட்டை போடுபவர்களும் முதலில் பின்னலைக் கத்தரித்து வாங்கிக்கொண்டு, பிறகு மழிக்கலாம்.

ஒருவர் முடியில் ஒரு விக் முடிவதில்லை. பல பேருடைய பின்னல்களை நிறமும் நீளமும் பார்த்துச் சேர்த்து, கையால் கட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தக் கூலிக்குப் பணமும் தேவை. முடி கொடுக்க முடியாதவர்கள், ஆண்கள் உட்பட, இதற்கு உதவலாம். அந்த அமைப்பினர் விக்கைப் பணம் வாங்கிக்கொண்டு நோயாளிக்கே விற்கிறார்களா, இலவசமாகக் கொடுக்கிறார்களா என்று விசாரித்த பிறகே கொடுங்கள்.

வீட்டில் ஒரு பேச்சு

இளம்பெண்கள் பலருக்குத் தடை வீட்டில்தான் வருகிறது. “கல்யாணம் ஆகுற வயசுல கிராப் வெட்டிக்கிட்டு நிப்பியா?” என்று அம்மா கேட்பார். கோயிலுக்குக் கொடுத்தால் புண்ணியம், நோயாளிக்குக் கொடுத்தால் அலங்கோலம் என்பது எந்த நியாயத்தில் சேரும்? அதே நேரம், தயங்கும் பெண்ணையோ குழந்தையையோ யாரும் வற்புறுத்தவும் கூடாது. பள்ளிகளும் கல்லூரிகளும் இதைப் போட்டியாக நடத்தாமல், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்துகொடுத்தால் போதும்.

நீங்கள் கொடுத்தது யாருக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தெரியவும் வேண்டாம். அந்த விக் போட்டுக்கொண்டு ஒருவர் யாருடைய கேள்விக்கும் ஆளாகாமல் கூட்டத்துக்குள் நடந்து போக முடிந்தால், கொடுத்ததற்கு அதுவே பலன். இரண்டு வருடத்தில் உங்களுக்கு மறுபடியும் 10 அங்குலம் வளர்ந்திருக்கும். அப்போதும் யாரோ ஒருவருக்கு அது தேவைப்படும், மீண்டும் கொடுங்கள்.