கோட்டை மாறாமல் தளபதி மாறிய கதை

மூச்சு வாங்க செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு ஏறி, ஊர் பின்னால் தெரிய ஒரு செல்ஃபி எடுக்கிறீர்கள். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனா? அப்படியென்றால் ஒரு கேள்வி. ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபின், கூகுளில் அதன் தலைமைப் பொறுப்பை விட்டு விலகியபோது, அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா?

நம்ம மதுரையில் பிறந்து, சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சைதான்!

அது 2013 மார்ச் மாதம். ஐபோனோடு கடும் போட்டி நடந்துகொண்டிருந்த நேரம். முற்றுகைக்கு நடுவே தளபதி மாறினால் கோட்டைக்கு எவ்வளவு ஆபத்து என்று செஞ்சிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் ஆண்ட்ராய்டு என்ற இந்தக் கோட்டை விழவில்லை. புதிய தளபதியோ, 2015-ல் கூகுளுக்கே தலைமைச் செயல் அதிகாரி ஆகிவிட்டார்!