உச்சிக்குடும்பன் இருக்க சவுத் பார்க் எதுக்குலே?

பெரியவர்களுக்கான கார்ட்டூன் என்றதும் 1989-ல் தொடராக வந்த 'தி சிம்ப்சன்ஸ்', 1997-ல் வந்த 'சவுத் பார்க்' என்று செல்போனில் தேடுகிறோம். நெல்லை, குமரி கிராமங்களில் விளக்கொளியில் ஆடிய தோல்பாவைக்கூத்தும் அதே ரகம்தான்!

ஓடுவது ராமாயணம். நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைவார்கள். கதைக்குச் சம்பந்தமே இல்லாத அடிதடி, கிறுக்குப் பேச்சு, கொஞ்சம் பச்சையும் உண்டு. அத்தனை குரலும் ஒரே கலைஞருடையது. அதுவும், வீட்டில் மராத்தி பேசும் கணிகர் குடும்பத்துக்காரர்!

மனுஷன் பேசினால் அடி விழும். பாவை பேசினால் ஊரே சிரிக்கும். கார்ட்டூனின் சூட்சுமமும் இதுதானே?

சினிமா, டி.வி. வந்தபின் குழுக்கள் அருகிவிட்டன. மிஞ்சியவர்கள் பள்ளிகளிலும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளிலும் பாவை ஆட்டுகிறார்கள். பாவம், அங்கே உச்சிக்குடும்பன் வாயை அடக்கித்தான் பேச வேண்டியிருக்கிறது.