தட்டிப் பார்த்தலும் கணக்கிட்டுப் பார்த்தலும்

சந்தையில் மண்பானை வாங்கும் மூதாட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பானையை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் விரலை மடித்து ஒரு தட்டுத் தட்டுவாள். கணீரென்று ஒலித்தால் வாங்குவாள். மங்கி ஒலித்தால் விரிசல் என்று அறிந்து ஒதுக்கிவிடுவாள். ஒரே தட்டலுக்குப் பானை தரும் விடையில் அதன் இயல்பு அடங்கியிருக்கிறது என்பது அவள் பட்டறிவால் கண்ட உண்மை. இக்காலத்து டிஜிட்டல் கிதார்க் கருவிகளுள் ஒருவகை, இந்த உண்மையின்மேலேயே அமைந்திருக்கிறது.

நான் வாழும் அத்திப்பட்டு, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. என் பழைய மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மின்கிதார் வாசிக்கிறார். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை மின்சார ரயிலில் ஏற்றிச் செல்ல அவரால் இயலாது. வீட்டில் அதனை முழக்கவும் இயலாது. இரவுப் பணி முடித்து வரும் தந்தையார் பகலில் உறங்கவேண்டுமே! எனவே கைப்பெட்டி அளவுள்ள டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கி, ஹெட்ஃபோன் அணிந்து பயின்று வருகிறார். ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, இக்கருவியில் ஒலிபெருக்கிப் பெட்டியின் ஓசையைப் பெற இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டில் எது உண்மையானது?" என்று கேட்டார். அவருக்கு நான் கூறிய விடையையே இங்கு விரித்துரைக்கிறேன்.

முதலில், பெட்டி எதற்கு? மின்கிதாரின் கம்பி அதிரும்போது, அதன் அருகிலுள்ள காந்தச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதனைப் பெருக்குகிறது. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு அதனை ஓசையாக்குகிறது. இலண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் ஆம்ப்ளிஃபையர்களை விற்கத் தொடங்கி, பின்னர் நான்கு 12 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட பெட்டியையும் அமைத்தார். இத்தகைய கூம்பு நொடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஓசைகளை மிகக் குறைத்தே வெளியிடும். இக்குறையே அதன் சிறப்பு! ஆம்ப்ளிஃபையரில் எழும் கரகரப்பை அது வடிகட்டி இனிமையாக்குகிறது. பெட்டியை விலக்கி, மின்னோட்டத்தை நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பினால், போத்தலுள் அடைபட்ட வண்டின் இரைச்சலே கேட்கும்.

ஆகவே பெட்டியின் குணத்தைக் கருவிக்குள் கொண்டுவர வேண்டும். முதல் வழி, மூதாட்டியின் வழி. பெட்டியின்முன் ஒலிவாங்கி ஒன்றை நிறுத்தி, பெட்டிக்கு மிகக் குறுகிய ஒரு மின் தட்டலைத் தந்து, வரும் ஓசையைப் பதிவு செய்கிறார்கள். இதற்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். நாம் 'தட்டல் விடை' என்போம். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை படிப்படியாக ஏறும் ஓசையை ஒலிக்கச்செய்து, பதிவிலிருந்து தட்டல் விடையைக் கணக்கிட்டு எடுக்கும் முறையும் உண்டு. அதனை இத்தாலியரான ஆஞ்சலோ ஃபரீனா 2000-இல் விளக்கினார்.

ஒரு தட்டலின் விடை முழுப் பாட்டுக்கும் எவ்வாறு போதும்? டிஜிட்டல் கருவி ஓசையை நொடிக்கு 48,000 எண்களாக மாற்றுகிறது என்று கொள்வோம். ஒவ்வோர் எண்ணும் ஒரு சிறு தட்டல். வலிய தட்டலுக்கு வலிய விடை, மெலிய தட்டலுக்கு மெலிய விடை. அவ்விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால், பெட்டி முழக்கியிருக்கும் ஓசை கிடைத்துவிடும். தட்டல் விடை 2,048 எண்கள் நீளமாயின், நொடிக்கு ஏறத்தாழப் பத்துக் கோடிப் பெருக்கல்கள் வேண்டும். கூலி, டூக்கி என்னும் இருவர் 1965-இல் வெளியிட்ட விரைவுக் கணக்கு முறை, இத்தகைய சுமையைப் பெரிதும் குறைக்கிறது.

இவ்வழியில் ஒரு குறையும் உண்டு. பெட்டியை உரக்க முழக்கினால் கூம்பு தன் போக்கில் நெளியும், கம்பிச்சுருள் சூடேறும். இரு மடங்கு தந்தால் சரியாக இரு மடங்கு திரும்பி வராது. தட்டல் விடையோ எப்போதும் ஒரே அளவில் விடை தரும். மேலும், ஒலிவாங்கி கூம்பின் நடுவிலிருந்து ஓரங்குலம் விலகினாலும் ஓசை மாறும். அதற்கு வேறொரு பதிவு வேண்டும்.

இரண்டாவது வழி, காரணம் அறிந்து கணக்கிடுவது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி. வி. இராமன், 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நம் தோற்கருவிகளைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-இல் மேலும் விரித்து எழுதினார். வெறும் தோலின் மேற்சுருதிகள் முழு எண் மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலுள்ள கரும்பூச்சு அவற்றை ஒழுங்குபடுத்துகிறது என்பதை, தோலின்மேல் மணல் தூவி, அதன் வரிகளைக் கண்டு அவர் விளக்கினார். மிருதங்கத்தின் ஓசையைப் பதிவு செய்வது வேறு. அஃது அவ்வாறு ஒலிப்பது ஏன் என்று அறிவது வேறு.

கிதார்க் கருவியிலும் இவ்வாறே கூம்பு, பெட்டி, ஒலிவாங்கியின் தொலைவு ஆகியவற்றைச் சமன்பாடுகளாக எழுதிக்கொள்கிறார்கள். இதுவே மாடல் என்னும் மாதிரிக் கணக்கு. அமெரிக்க நிறுவனமான லைன் 6, 1998-இல் வெளியிட்ட 'பாட்' என்னும் கருவி இத்தகைய போலச்செய்தலைப் பரவச்செய்தது. இவ்வழியில் ஒலிவாங்கியை விருப்பம்போல் நகர்த்தலாம். ஆயின், சமன்பாட்டை எழுதியவர் அறியாது விட்டது ஓசையிலும் விடுபட்டுப் போகும்.

வகுப்பில் இருவகை மாணவரை நான் கண்டதுண்டு. ஒருவர் ஒரு வினாவின் விடையை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்; வினாவைச் சற்று மாற்றினால் திகைப்பார். மற்றவர் வழிமுறை அறிந்தவர். புது வினாவுக்கும் விடை காண்பார். இடையில் பிழையும் செய்வார். தட்டல் விடை முதல்வரைப் போன்றது. மாதிரிக் கணக்கு இரண்டாமவரைப் போன்றது. இன்றைய கருவிகள் பலவற்றில் இவ்விருவரும் சேர்ந்தே உழைக்கிறார்கள்.

இவ்வளவும் சொல்லியபின், அந்த இளைஞரைக் கண்களை மூடிக்கொண்டு இரண்டு ஓசைகளையும் கேட்கச் சொன்னேன். தட்டல் விடையே சிறந்தது என்று உடனே தேர்ந்தார். அது சற்று உரக்க ஒலித்ததை நான் கவனித்திருந்தேன். உரக்க ஒலிப்பதையே காது சிறந்ததெனக் கொள்ளும். இரண்டையும் ஒரே அளவாக்கியபின், அவர் பலமுறை கேட்டும் தயங்கினார். இறுதியில், ஒலிவாங்கிக்கு ஏற்ற இடத்தை மாதிரிக் கணக்கால் தேடிக் கண்டு, தேவாலயத்துக்கு அதனோடு ஒத்த தட்டல் விடை ஒன்றைத் தேர்ந்துகொண்டார். தந்தையாரின் உறக்கமும் கெடவில்லை. மகனின் இசையும் தடைப்படவில்லை.

மாணவர்களே, நீங்களும் நாளை உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஆளில்லா வேளையில் ஒருமுறை கை தட்டிக் கேளுங்கள். பின்பு அதே தட்டலை வெட்டவெளியில் தட்டுங்கள். முதலில் காதால் வேறுபாட்டை அறியுங்கள். அதன்பின் அதற்குக் காரணத்தைத் தேடுங்கள்.