திறந்த அச்சுக்கூடம் – 9: தகப்பனார் பெயரில் ஒரு கட்டுரை

புதுச்சேரியின் குருசுக்குப்பத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தால் சற்று நேரத்தில் செயின்ட் லூயி தெரு வந்துவிடும். வைத்தியம் கற்றுப் பின்னர் இந்தியவியலில் புகுந்த ழான் ஃபிலியோஸா 1955-இல் ஸ்தாபித்த பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அதன் பிரசுரங்கள் பல, இப்போது பிரான்ஸின் ஓபன்எடிஷன் தளத்தில், லோடெல் என்ற திறந்தமூல மென்பொருளின் உதவியால் உலகெங்கும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆனால் நூலைத் தளத்தில் ஏற்றிவிட்டால் மட்டும் போதுமா? தூரதேசத்து நூலகப் பட்டியல்களும் அதை அறியவேண்டுமே!

இந்தத் தூது வேலையை, நம் நாட்டு ஆய்விதழ்கள் பல கையாளும் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள், மூலநிரலுக்குள் புதைத்துவிடாமல் தனித்தனிச் செருகுநிரல்களிடம் ஒப்படைத்திருக்கிறது. கட்டுரை வெளியானதும், அதற்கென்று அமைந்த செருகுநிரல் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் முகவரியையும் திரட்டி, எக்ஸ்எம்எல் வடிவில் கோத்து, 2000-இல் தோன்றிய கிராஸ்ரெஃப் என்னும் பதிவு ஸ்தாபனத்துக்கு அனுப்ப, கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ அங்கே பதிவாகிறது. அந்த நேரத்தில் இணைப்பு அறுந்து போனாலும் கட்டுரை வெளிவருவது நிற்பதில்லை. பதிவு மட்டும் 'தோல்வி' என்று குறிக்கப்பட்டுக் காத்திருக்க, பதிப்பாசிரியர் சாவகாசமாக மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். அயல்வீட்டு விளக்கு அணைந்ததற்காக நம் வீட்டு அடுப்பை அணைப்பார் உண்டோ?

உண்மையான சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. கிராஸ்ரெஃப் ஏற்கும் வடிவத்தில் குடும்பப்பெயர் கட்டாயம். இயற்பெயர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நமக்கோ குடும்பப்பெயர் என்ற வழக்கமே பெரும்பாலும் கிடையாது. கந்தசாமியின் மகன் முருகன் 'க. முருகன்' என்று எழுதினால், கட்டத்தை எப்படியாவது நிரப்பவேண்டுமே என்ற அவசரத்தில் பதிப்பாசிரியர் கந்தசாமியைக் குடும்பப்பெயராக்கிவிட, மேற்கோள் பட்டியல்களிலெல்லாம் அக்கட்டுரை தகப்பனார் எழுதியதாகவே நிலைத்துவிடுகிறது. ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸின் பிற்காலப் பதிப்புகள் இயற்பெயரைக் கட்டாயமாக்கிக் குடும்பப்பெயரை விருப்பத்துக்கு விட்டிருப்பதோடு, அது காலியாக இருந்தால் ஆசிரியரின் பெயரையே கிராஸ்ரெஃபின் குடும்பப்பெயர் இடத்தில் வைத்து அனுப்பும் ஏற்பாட்டையும் செய்திருக்கின்றன. சொற்ப வேலைதான், எனினும், இணைப்புச் செருகுநிரல் எழுதுபவரின் சாமர்த்தியத்தை அளக்க வேகத்தைக் காட்டிலும் இதையே நான் உரைகல்லாகக் கொள்வேன். இரண்டு ஸ்தாபனங்களின் சம்பிரதாயங்கள் முரண்படும் இடத்தில் நடுவே நின்று சமாளிப்பதுதானே செருகுநிரலின் உத்தியோகம்!

ஆகையால் இதழ் நடத்தும் நண்பர்கள் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் கூச்சமின்றிக் காலியாக விடலாம். ஊருக்கு நூறு முருகன்கள் இருப்பார்களே என்று கவலைப்படுகிறவர்களுக்காக 2012 முதல் ஓர்கிட் என்ற 16 இலக்க ஆசிரியர் எண் வழங்கப்பட்டு வருகிறது. அதைக் கேட்டு வாங்கிவரும் செருகுநிரலை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.